ஆத்தூர் பஸ்ஸில் ஒரு மன்றாட்டு மாலை

ஆத்தூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அம்மாவும் கல்லூரியில் படிக்கும் மகளும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டியிருந்தார்கள். கோயிலில் ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் பதில் சொல்வதுபோல, அம்மா “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

“அம்மா, இது சாமி பாட்டு இல்ல. நியோ சோல்னு ஒரு வகை இங்கிலீஷ் பாட்டு ஆல்பம்.”

“பேரா அடுக்குறாளே? எந்த ஊரு புனிதர்களோன்னு நெனச்சேன்.”

“அவ அமெரிக்காவுல கறுப்பினப் பாடகிம்மா. அவ சனத்துல முன்னாடி பாடுனவுக, படம் வரைஞ்சவுக, கொட்டடிச்சவுக பேரையெல்லாம் சொல்றா.”

“கொட்டடிச்சவுக பேரையுமா?”

“அதைத்தான் மொதல்ல சொல்றா.”

“ஊரே கேக்குற மாதிரியா?”

“உலகமே கேக்குதும்மா.”

சின்னாளபட்டி தாண்டியதும் அம்மா மகள் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“எங்கப்பா என்ன வேலை பாத்தாருன்னு காலேஜ்ல கேட்டாகளே, என்ன சொன்ன?”

“இன்னாசிமுத்து தாத்தா விவசாயம் பாத்தாருன்னு. நீதான அப்படிச் சொல்லச் சொன்ன?”

அம்மா இயர்போனைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி சொன்னார்: “பறையடிச்ச இன்னாசிமுத்துவே.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றாள் மகள், அதே சத்தத்தில்.