ஒற்றைச் செருப்பு

எழுபதுகளில் ஒரு மாலை, பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் மடியில் ஈரமான ஒற்றைச் செருப்பு. நான் கேட்க நினைத்ததை அந்தம்மாவே கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, அந்த ஒண்ணைய வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"கெடக்கட்டும் புள்ள. பொன்னானிக் கடலப் பாத்ததுக்கு அடையாளம்."

"காலையில மணல்ல கழட்டி உடறப்பவே சொன்னனுங்க, கையில எடுத்துக்கோங்கன்னு."

"கடல் எட்டத்தான கெடந்துச்சு? வானத்தையும் பாத்தேன், ஒரு மேகமில்ல. மழையில்லாம தண்ணி எங்க ஏறப்போகுதுன்னு உட்டுட்டு நடந்தேன். படகு, வலை, மீன் காயப்போட்ட எடமெல்லாம் சுத்திட்டு வந்து பாத்தா, செருப்பு உட்ட எடத்துல அலையடிக்குது."

அந்தம்மா சிரித்துவிட்டார். பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள்.

பக்கத்து சீட்டில் மண்வெட்டியோடு இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

"மழையே இல்லாமயா ஏறுச்சுங்க?"

"ஒரு பொட்டு இல்லீங்க."

மண்வெட்டிக்காரர் குனிந்து தன் கால் செருப்புகளைப் பார்த்துக்கொண்டார்.

"வறண்டு கெடக்கற நம்ம குளம் அப்படி ஏறுமுன்னா, நான் ரெண்டையும் குடுத்துருவனுங்க."