சிவப்பு போட்டாச்சு

எனக்குக் கண்ணாடி போடப் பிடிக்காது, ஐயா. மூக்கின் மேல் அது உட்காரும் இடம் அரிக்கும். தங்கை வாங்கிக் கொடுத்தது ஒன்று சட்டைப் பையில் கிடக்கிறது. அவள் வீட்டுக்குப் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்வேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் விசாரணை அறிக்கையில் ‘ஊழியரின் பார்வைக் குறைவால் நேர்ந்த தவறு’ என்று ஒரு வரி இருக்கிறதாம். அதன் கீழே கையெழுத்துப் போட்டால் நான் வீட்டுக்குப் போகலாம் என்று சூப்பர்வைசர் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் அந்த வரி சரியில்லை.

இருபத்திரண்டு வருடமாக ஃபைபர் கேபிளில் பழுது பார்க்கிறேன். உள்ளே ஓடுவது தலைமுடி அளவு கண்ணாடி இழை. எங்கோ மடங்கியிருக்கும், அல்லது எலி வாய் வைத்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு லேசர் பேனா உண்டு. இழையின் ஒரு முனையில் செருகினால் சிவப்பு வெளிச்சம் உள்ளே ஓடும். உடைந்த இடத்தில் அது கசிந்து கேபிளின் மேல்தோல் சிவந்து தெரியும். கேட்கச் சுலபம்தான். பட்டப்பகலில், தூசி படிந்த சுவரோரமாக, கடுகளவு சிவப்பைப் பிடிக்க ஒரு கண் வேண்டும். எனக்கு அந்தக் கண் இருந்ததால் அலுவலகத்தில் என்னைப் ‘பருந்து’ என்றே கூப்பிட்டார்கள்.

என் தங்கை வீட்டுக்காரரை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது நான்தான். பேனாவைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். மாப்பிள்ளை தங்கமான மனிதர். எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஜோடியாகப் போட்டார்கள். ஆறு வருடத்தில் ஒரு முகச்சுளிப்பு கிடையாது. போன வருடம் ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். “பருந்து, ஒரு நிமிஷம் வாய்யா” என்று யாரோ கூப்பிட்டார்கள். இருவருமே திரும்பினோம். கூப்பிட்டது அவரை. எல்லாரும் சிரித்தார்கள், நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த அடுக்குமாடி வேலை வந்தது. மாடிப்படி ஓரமாகக் கேபிள் போகிறது. கீழே பேனாவைச் செருகிவிட்டு நான்காம் மாடி வரை ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். மாப்பிள்ளை இரண்டாம் மாடியில் நின்று, என் தோளுக்குப் பக்கத்திலேயே விரலை நீட்டினார். “இங்க இருக்கே மச்சான்.” நான் அதை இரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறேன். அன்று வெளிச்சம் சரியில்லை, ஐயா. அந்த மாடிப்படி ஜன்னலை நீங்களே போய்ப் பார்க்கலாம்.

அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை வண்டியில் போகும்போது என்னிடம் மட்டும் பேசினார்.

“மச்சான், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குச் சிவப்பு சரியாத் தெரியல. நீங்க ஏணியில ஏறும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள பயமா இருக்கு. டாக்டர்கிட்ட போகலாம், நானே கூட்டிட்டுப் போறேன். வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர்கிட்ட சொல்லி உங்களை ஆபீசுக்குள்ள மாத்திடலாம். புகார் போன் எடுக்கிற வேலை. உட்கார்ந்தே பாக்கலாம்.”

என் நன்மைக்காகத்தான் சொன்னார். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. போன் எடுக்கிற மேசையில் ஒரு பருந்து உட்கார்ந்திருப்பதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. “சரிங்க மாப்ளே, உங்க இஷ்டம்” என்றேன்.

சம்பவம் அதே வாரம் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. நான் கருவி அறையில் இருந்தேன், அவர் மூன்று கிலோமீட்டர் தள்ளி கேபிளின் மறுமுனையில். அவ்வளவு தூரம் ஓடி வரும் சிவப்பு மங்கிப்போய்ப் புள்ளியாகத்தான் தெரியும். அதனால் இழையின் நுனியில் சின்ன லென்ஸை வைத்து, கண்ணை ஒட்டிப் பார்ப்போம். இழையில் எவ்வளவு ஒளி வருகிறது என்று முதலில் மீட்டரை வைத்து அளக்க வேண்டும் என்று விதிப் புத்தகம் சொல்கிறது. ஜோடியாக வேலை செய்பவர்கள் யாரும் அதைச் செய்வதில்லை. பேனா வைத்திருப்பவன் போனில் “சிவப்பு போட்டாச்சு” என்பான். அந்த வார்த்தைதான் எங்களுக்கு மீட்டர். அது காதில் விழாமல் மாப்பிள்ளை நுனியைத் தன் முகத்துப் பக்கம் திருப்பக்கூட மாட்டார். அவ்வளவு கவனமான ஆள்.

கருவி அறையில் பெரிய பெட்டி ஒன்று உண்டு. ஊர் முழுக்க டிவி படம் அனுப்பும் ஒளி அதிலிருந்து கிளம்புகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைப் பொசுக்கிவிடும். நான் பேனாவை மேசையில் வைத்தேன். அவர் பார்க்க வேண்டிய இழையை அந்தப் பெட்டியில் செருகினேன். போனை எடுத்தேன்.

“சிவப்பு போட்டாச்சு மாப்ளே. தெரியுதா?”

“இல்லையே மச்சான்.”

“நல்லாப் பாருங்க.”

மாப்பிள்ளை இப்போது கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார். போன வாரம் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, “மச்சானுக்குக் கண்ணு சரியில்லைங்க, இடம் மாத்திச் செருகிட்டாரு, அவர் மேல தப்பில்ல” என்று உங்களிடம் சொன்னாராம். தங்கையும் அதையே சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இருந்தாலும் பாருங்கள், இந்த நிலைமையிலும் என் கண்ணைத்தான் குறை சொல்கிறார்கள்.

அந்தப் பெட்டியின் வாயில் மஞ்சள் முக்கோணம் ஒட்டியிருக்கிறது. கீழே பொடி எழுத்தில் எச்சரிக்கை. அதைக் கண்ணாடி போடாமல் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுத்தான் செருகினேன். இடம் மாறவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் மாப்பிள்ளை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “மச்சான், வலது கண்ணு ஒரு மாதிரி மங்கலா இருக்கு” என்றார். அத்தோடு விட்டிருந்தால் அவருக்கு ஒரு கண் மிஞ்சியிருக்கும். “அப்ப இடது கண்ணால பாருங்க மாப்ளே” என்றேன். பார்த்தார்.

ஆகவே அந்தப் பார்வைக் குறைவு வரியை அடித்துவிடுங்கள், ஐயா. மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எந்த இடம் என்று மட்டும் விரலை வைத்துக் காட்டுங்கள்.