எட்டுக்குள் ஒன்று

— மாப்ள, திரையைப் பாரு. ஒண்ணுன்னு போட்டிருக்கு. அது உங்கக்காதான்.

— எங்க கணக்குப் பக்கத்துல ஒண்ணுன்னு வரவே வராதே அத்தான்.

— வருதே. கண்ணாடியத் தொடச்சுட்டும் பாத்தேன்.

— காலைல கூட அந்த ஊருக்கு எட்டுன்னுதானே இருந்துச்சு?

— அந்த எட்டைப் பாத்துட்டுத்தான் இப்பல்லாம் பல்லே தேய்க்கறேன். உங்கக்கா மாட்டிக்கிட்ட அந்த ஊர்ல அரசாங்கத்துக்காரங்க போன் லைனையெல்லாம் அறுத்துட்டாங்க. ஆள் யாருன்னு காட்டாம பேசவிடற உங்க நெட்டு ஒண்ணுதான் மிச்சம். உங்கக்கா செய்தி அனுப்பணும்னா அது வழியாத்தான் அனுப்பணும். இருபதாயிரம் பேர் தாங்கும்னு நீதான் அளந்து சொன்ன. போறது எட்டு பேர்னும் நீதான் சொன்ன. எட்டு பேர்னா படுத்துக்கிட்டே போலாம். அதுல அவ உண்டான்னு கேட்டா மட்டும் டீக்குக் கிளம்பிடுவ.

— அதனால?

— நீ டீக்குப் போனப்ப உன் நாற்காலில உக்காந்தேன். எட்டுக்குள்ள எதுவா இருந்தாலும் எட்டாக்குன்னு புரோகிராம்ல ஒரு வரி வச்சிருந்த. அதைத் தூக்கிட்டேன்.

— அத்தான்.

— எடை மேடையில காலமெல்லாம் லாரிக்கு எடை போட்டவன் நான். ஒண்ணை எட்டுன்னு எழுதினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்களுக்கு அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க.

— ஒரே ஆளா இருந்தாலும் எட்டுன்னு போடறதே ஆளைக் காப்பாத்தத்தான். இந்தப் பக்கத்தை யார் வேணா பாக்கலாம். தேடறவனும் பாக்கறான். எட்டுன்னா ஒருத்தனா எட்டு பேரான்னு குழம்புவான். ஒண்ணுன்னு தெரிஞ்சா ஒரே கதவைத் தட்டினாப் போதும்.

— தேடறவனும் பாப்பானா?

— நகருங்க. வரியைத் திரும்பப் போடறேன். ம். எட்டாயிடுச்சு. எவ்வளவு நேரம் ஒண்ணுன்னு கிடந்துச்சு?

— நீ டீ குடிச்சுட்டு, கடைக்காரனோட கதை பேசிட்டு, மாடி ஏறி வந்த நேரம். நீ ஏறினா அது சின்ன நேரமா?

— சரி, விடுங்க.

— எப்படிடா விடறது? அந்த ஊர்ல உங்கக்காவைத்தான் தேடறாங்க. இதோ இருக்கா, வந்து பிடிச்சுக்கன்னு நானே போர்டு மாட்டிட்டேனே.

— முதல்ல உக்காருங்க.

— ஓடிப் போயிடுன்னு ஒரு வார்த்தை அனுப்ப முடியுமா? ஒரே வார்த்தை.

— அப்படி வழி இல்ல அத்தான். உள்ள யாரு இருக்கான்னு எங்களுக்கே தெரியாது. அதுக்குத்தானே இந்த நெட்டு.

— அப்ப நான்தான் அவளைக் கொன்னேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து அவ சொல்றதுக்கு எதிராவே செஞ்சிருக்கேன். சாமானைத் தொடாதேன்னா தொடுவேன், உடைப்பேன், திட்டு வாங்குவேன். இப்ப திட்டறதுக்கு அவளே இல்லாம பண்ணிட்டேன். மாப்ள, ஏதாவது சொல்லு. அவ கதவைத் தட்டுவாங்களா?

— மாட்டாங்க.

— சமாதானத்துக்குச் சொல்லாத.

— சமாதானம் இல்ல. உங்க மேல தப்பு எதுவும் இல்ல, அதனால சொல்றேன். பாதை திறந்திருக்கா, எவ்வளவு தாங்குதுன்னு அளக்க அந்த ஊர்ல நாங்களே ஒரு மெஷின் வச்சிருக்கோம். தினம் அதுவே உள்ள வந்துட்டுப் போகும். கணக்குல அதுவும் ஒரு ஆளா விழும். நீங்க பாத்த ஒண்ணு அதுதான் அத்தான். ரொம்ப நாளா அந்த ஊர்லேருந்து உள்ள வர்றது அது மட்டும்தான்.