திரும்பி மிதந்த ஆகாயத்தாமரை: எவரிஸ்தோ மாஸ்டருக்கு விடைகொடுக்கும் மடல்

லூஹான் ஆற்றின் நெளிவும் சுழிவும் நெஞ்சில் நிறைந்த நீரின் செல்வரே! துவண்ட தோள்களுக்குத் துணிவூட்டி, துடுப்பேந்திய கைகளுக்குத் தாளம் காட்டி, திக்ரே நகரத்துத் துறைகளையெல்லாம் தன் குரலாலேயே துயிலெழுப்பிய தூயவரே! சான் ஃபெலிசியானோ படகுக் கழகத்தின் பயிற்சியாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் எங்களை உருட்டி, மிரட்டி, உருவாக்கி, இன்று ஓய்வு பெறும் எங்கள் எவரிஸ்தோ பெராஸோ மாஸ்டரே! வணக்கம்.

வாழ்த்த வந்த வாய் வருந்துகிறது. நாளைக் காலையும் ஆறு ஓடும், படகுகள் இறங்கும், பிள்ளைகள் தூக்கக் கண்ணோடு வந்து நிற்பார்கள். திட்டுவதற்குத்தான் ஆள் இருக்காது. உங்கள் இடத்துக்கு வரப்போகிற புதியவர் மிகவும் மரியாதையாகப் பேசுகிறார். எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் துடுப்பு போட்ட காலத்தைக் கண்ணால் கண்டவர், எங்களுள் மூத்தவரான படகுத் தச்சர் ருஃபீனோ ஒருவரே. இருவர் படகில் நீங்கள் தாளம் பிடித்தால் கரையில் மீன் பிடிப்பவர்கள் தூண்டிலை மறந்து நிற்பார்களாம். நாட்டுக் கொடியின் வெள்ளையும் நீலமும் அணிந்து தென் அமெரிக்கப் போட்டியில் வெள்ளி வென்றீர்கள். மறு ஆண்டே முதுகெலும்புத் தட்டு விலகியது. இனிமேல் படகில் துடுப்பு பிடிக்கக் கூடாது என்றார் மருத்துவர். "துடுப்பு பிடிக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு? கத்தக் கூடாதுன்னு சொல்லலையே!" என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளரின் விசைப்படகில் ஏறினீர்கள். அன்று ஆரம்பித்த கத்தல், போன வாரம் வரைக்கும் ஓயவில்லை.

ஆகா, என்ன கத்தல் அது! "கையால இழுக்கிறியே, கால் எதுக்குடா இருக்கு, டாங்கோ ஆடவா?" என்று நீங்கள் கேட்காத பிள்ளை இந்த ஆற்றில் கிடையாது. பயிற்சி முடிந்து மாத்தேக் குவளை கைமாறிச் சுற்றி வரும்போது, தாமதமாக வந்தவனைத் தாண்டி அடுத்தவனிடம் கொடுப்பீர்கள். அந்த ஒரு மிடறு கசப்புத் தேநீருக்காக இரவே எழுந்து புறப்பட்டு வந்தவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். கண்டிப்பில் கல், கனிவில் கடல்! காய்ச்சல்காரப் பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டி, சூப் வைத்துக் கொடுத்துவிட்டு, "குடிச்சிட்டு நாளைக்கு வந்து சேரு, சோம்பேறி" என்று போன புண்ணியவான் நீங்கள்.

இத்தோடு நிறுத்தி, நீடூழி வாழ்க என்று எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டிருப்போம். நீங்கள் விடவில்லையே! மடல் எழுதுகிறோம் என்று தெரிந்ததும் அலுவலகத்துக்கு வந்து மேசையைத் தட்டினீர்கள். "வெறும் சர்க்கரையைக் கரைச்சு ஊத்தாதீங்க. நேலிதா விஷயத்தையும் எழுதுங்க. எழுதலேன்னா விழாவுக்கு நான் வர மாட்டேன்." உங்கள் சொல்லைத் தட்டி எங்களுக்குப் பழக்கமில்லை. கை கூசியபடியே எழுதுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் தேசியப் போட்டிக்கு, எட்டுப் பேர் துடுப்பு போடும் பெண்கள் படகில் ஒரே ஓர் இருக்கை மிச்சமிருந்தது. அது நேலிதா ஸுபிரி என்பவளுக்கா, இன்னொரு பெண்ணுக்கா? வழக்கப்படி இரண்டு நால்வர் படகுகளை அருகருகே ஓடவிட்டீர்கள். பிறகு அவ்விருவரையும் படகு மாற்றி உட்கார வைத்து மறுபடி ஓடவிட்டீர்கள். இரண்டு முறையும் நேலிதா இருந்த படகே தோற்றது. பலகையில் மற்றவள் பெயரை எழுதினீர்கள்.

நடந்தது என்னவென்றால், முதல் ஓட்டத்தில் நேலிதாவின் படகு கரையோரம். நடு ஆற்று நீரோட்டம் அடுத்த படகைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டாவது ஓட்டத்தில் அவள் நடு ஆற்றுக்கு வந்தாள். அதற்குள் தென்கிழக்குக் காற்று கடல்வாயிலிருந்து தண்ணீரைத் தள்ளி, ஆற்றையே திருப்பிவிட்டது. இப்போது அதே நீரோட்டம் அவள் படகைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. இந்த ஆற்றுத் தீவுகளில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும், மிதக்கும் ஆகாயத்தாமரை எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்துத்தான் படகை அவிழ்க்க வேண்டும் என்று. அவள் பார்த்தாள். "மாஸ்டர், ஆகாயத்தாமரை திரும்பிப் போகுது, பாருங்க!" என்றாள். "பூப் பறிக்கவா வந்தே? துடுப்பைப் போடு!" என்றீர்கள் நீங்கள்.

அன்று சாயங்காலம் விசைப்படகைக் கட்டும்போது கயிறு வழக்கத்துக்கு மாறான பக்கம் இழுத்து நின்றதைக் கண்டதாகவும், கண்ட அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டதாகவும் நீங்களே சொன்னீர்கள். மறுநாள் இன்னொரு முறை ஓடவிட்டிருக்கலாம். "பலகையில பேர் எழுதியாச்சு. அழிச்சா பசங்க மதிப்பாங்களான்னு நெனச்சேன். அவ்வளவுதான். வீம்பு." நேலிதா இல்லாத அந்தப் படகு தேசியக் கோப்பையை வென்றது. கோப்பை உங்கள் தலைக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிறது. அதன் பக்கம் நீங்கள் திரும்பிப் பார்த்து நாங்கள் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு, இரண்டு படகுகளையும் தடம் மாற்றி ஓடவிடாமல் நீங்கள் யாரையும் தேர்ந்தெடுத்ததில்லை. ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்னும் குனிந்து தண்ணீரைப் பார்ப்பீர்கள். மாஸ்டருக்குக் கண் மங்கிவிட்டது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தக் கவனத்தால் எத்தனை பேருக்கு நியாயம் கிடைத்தது! நேலிதாவுக்குத்தான் கிடைக்கவில்லை. அவள் துடுப்பை வைத்துவிட்டுப் போனவள், பிறகு பந்தயப் படகில் உட்காரவே இல்லை. தீவு தீவாகக் காய்கறியும் மாவும் விற்கும் கடைப் படகை ஓட்டுகிறாள். எல்லாத் துறையிலும் மணி அடிப்பாள். எங்கள் துறையில் அடிக்க மாட்டாள்.

இன்று வெளியே மலர் சூடி நிற்கும் புதிய படகுக்கு உங்கள் பெயரை வைக்க விரும்பினோம். "வெச்சுக்குங்க. ஆனா படகுக்கு ஞானத்தாயா நின்னு, பேர் வைக்கறப்ப முனையில ஒயின் ஊத்தறது நேலிதாவா இருக்கணும்" என்றீர்கள். கேட்டுவர ருஃபீனோவை அனுப்பினோம். அவர் திரும்பி வந்ததிலிருந்து "என்ன சொன்னா?" என்று நீங்கள் கேட்க, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று மழுப்பினோம். மன்னியுங்கள். அவள் சொன்னதை இப்போது சபையறியச் சொல்கிறோம்.

வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லையாம். "ஆசைப்படறவரு எங்கே? உன்னை அனுப்பிட்டாரா?"

"வெட்கப்படறாரும்மா, பாவம்" என்றாராம் ருஃபீனோ.

"நல்லா இருக்குய்யா வெட்கம்! இத்தனை வருஷமா அந்தத் துறைக்கு முன்னாலதான் போறேன், வர்றேன். எனக்கென்ன வேற ஆறா இருக்கு? அங்கேதான் நிப்பாரு, தொப்பியைச் சரி பண்ணிட்டு உள்ளே போயிருவாரு. எனக்கு அந்த இருக்கை போனதுகூட மறந்துபோச்சு. 'நேலிதா, நில்லும்மா, நான் தப்புப் பண்ணிட்டேன்'னு ஒரு வார்த்தை! ஊருக்கே கேக்கற தொண்டை, எனக்கு மட்டும் அடைச்சுக்கிச்சா?" தராசைக் கீழே வைத்துவிட்டு, "ஞானத்தாய் பேச்செல்லாம் அப்புறம். ஞாயித்துக்கிழமையும் எப்பவும்போல அந்த வழியாத்தான் போவேன். போய்ச் சொல்லு" என்றாளாம்.

எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் உரியவரே! உங்களைப் பிரியும் துயரம் எங்களுக்கு. அதைவிடப் பெரிய துயரத்தைச் சுமந்துகொண்டு நீங்கள் வீட்டுக்குப் போகக் கூடாதே என்பதுதான் எங்கள் ஏக்கம். முதுகு நோவாமல், மூச்சு வாங்காமல், பேரன் பேத்திகளைக் கத்திக் கத்தி வளர்த்து நெடுங்காலம் நீங்கள் நிறைவாக வாழ வேண்டும். இதை விரிவாக வாழ்த்தி, எதுகை மோனையோடு இன்னும் இரண்டு பத்தி எழுதி வைத்திருக்கிறோம். அவற்றை இப்போது வாசிக்கப் போவதில்லை.

ஏனென்றால், இந்த மடலை வாசிக்கும் வேளையை நாங்கள் வேண்டுமென்றே இப்படி வைத்தோம். இன்று ஞாயிற்றுக்கிழமை. நேலிதாவின் கடைப் படகு இந்நேரம் பாலத்தைத் தாண்டி நம் துறையை நெருங்கியிருக்கும்.

எழுந்திருங்கள், மாஸ்டர். துறைப் படி வழுக்கும், பார்த்து இறங்குங்கள். நாங்கள் யாரும் கூட வர மாட்டோம்.

பிரிய மனமின்றி,
சான் ஃபெலிசியானோ படகுக் கழக ஊழியர்களும், உங்களிடம் திட்டு வாங்கிய அனைவரும்