குண்டுக்கு ஒத்துக்கிற தீனி

— கோழி ஒரு துண்டு கூட வாயில படலைன்னு அடிச்சுச் சொல்றீங்களா?

— படலைங்க டாக்டர். நாங்களே கோழி சாப்பிடறதை விட்டுட்டோம். வாசனை கூட வேண்டாம்னு.

— பிஸ்கட்டு? பக்கத்து வீட்டுக்காரங்க பாசமாத் தூக்கிப் போடற ரொட்டி?

— கேட்டைப் பூட்டியே வெச்சிருக்கேன். 'நாய்க்கு எதுவும் போடாதீங்க'ன்னு அட்டை எழுதி மாட்டியிருக்கேன்.

— மாட்டினாப் படிக்கவா போறாங்க? என் ஆஸ்பத்திரி சுவர்ல 'இங்கே துப்பாதீர்'னு எழுதினேன். குறி பாத்து அந்த எழுத்து மேலயே துப்பறாங்க. சரி, குண்டு, வாடா இப்படி. காதைக் காட்டு. ஐயையோ, போன தடவையை விட மோசமா இருக்கேம்மா. வயித்துல ரோமமே இல்லை. பேரு மட்டும் குண்டு, விலா எலும்பெல்லாம் வெளிய தெரியுது.

— நாள் பூரா சொறியறான் டாக்டர். காலைப் பிடிச்சு நிறுத்தினா என் முகத்தைப் பாத்து அழறான்.

— இங்க பாருங்கம்மா. முதல்ல கோழியை நிறுத்தினோம். அப்புறம் மாட்டுக்கறி, கோதுமை, பால், முட்டை எல்லாத்தையும் நிறுத்தினோம். வாத்துக்கறித் தீனி கொடுத்தோம், சரிப்படலை. மீன் தீனி கொடுத்தோம், அதுவும் சரிப்படலை. இந்த முறையே என்னன்னா, எல்லாத்தையும் எடுத்துடணும். உடம்பு அடங்கணும். அப்புறம் ஒவ்வொண்ணா திரும்ப உள்ள விடணும். எதை விட்டதும் அரிப்பு வருதோ, அதுதான் குத்தவாளி. இவனுக்கு எல்லாத்தையும் எடுத்த பிறகும் அடங்கலையே!

— இன்னும் ஏதாவது தீனி பாக்கி இருக்குமே டாக்டர். இந்த அலமாரி பூரா அடுக்கி வெச்சிருக்கீங்களே.

— ரெண்டு இருக்கு. அந்தப் பச்சைப் பை, புழுவுல செஞ்சது. முகத்தைச் சுளிக்காதீங்க, நீங்களா சாப்பிடப் போறீங்க? இந்த வெள்ளைப் பை, சத்தைப் பொடிப்பொடியா உடைச்சு செஞ்சது. உள்ள வந்தது என்ன கறின்னு உடம்புக்கு அடையாளமே தெரியாது. அடையாளம் தெரியாததோட உடம்பு சண்டைக்குப் போகாது, அவ்வளவுதான் விஷயம்.

— இதுவும் சரிப்படலைன்னா?

— கோவிச்சுக்காதீங்க. வேற வீடு பாத்து அனுப்பறதுதான் அவனுக்கு நல்லது. உங்க வீட்டுக்குள்ளயே ஏதோ அவனுக்கு ஆகலை. இப்படியே விட்டா மழைக்காலம் தாண்ட மாட்டான்.

— அவனை அனுப்பிட்டு நான் எப்படி இருப்பேன் டாக்டர்? எங்க வீட்டுக்காரரைக் காணாம நான் தவிச்ச வருஷம் பூரா, எனக்குத் துணையா இருந்தது இவன் ஒருத்தன்தான்.

— தெரியும்மா. பேப்பர்லயே வந்ததே. ரயில் பாதைக்கு மலையைக் குடையறப்ப மண் சரிஞ்சு, அத்தனை பேரும் போயிட்டாங்கன்னு கைவிட்ட பிறகு உங்க வீட்டுக்காரர் மட்டும் தானா நடந்து வந்தாரே! கொடுத்து வெச்சவங்க நீங்க. எங்க அவர், வரலையா?

— வண்டி நிறுத்த இடம் தேடிக்கிட்டிருந்தார். இதோ வந்துட்டாரே.

— வணக்கம் டாக்டர். தாமதமாயிடுச்சு, மன்னிக்கணும். தங்கம், நின்னுக்கிட்டே இருக்கியே, உட்காரேன். குண்டு எப்படி இருக்கான்?

— வாங்க சார். உங்க தலையைக் கண்டதும் வாலை எப்படி ஆட்டறான் பாருங்க! ஊசி போடற என்னைப் பாத்தா மட்டும் மேசைக்கு அடியில ஓடறான், நன்றி கெட்டவன்.

— அவனுக்கு என்மேல ரொம்பப் பிரியம் டாக்டர். எனக்கு அவன் கஷ்டம் புரியுது. எனக்கே இறால் ஒத்துக்காது. சின்ன வயசுல இருந்தே. வாயில வெச்சா முகம் தலையணை மாதிரி வீங்கிடும். இல்லையா தங்கம்?

— ஆமாம்.

— அடப் பாவமே. இறால் ருசி தெரியாத ஜென்மமா? எனக்கெல்லாம் அது இல்லாம ஒரு வாரம் ஓடாது.

— எடை பாக்கிற மெஷின் மேல படுத்திருக்கிறது உங்க பூனையா டாக்டர்?

— அவ பேரு மகாராணி. கிட்டப் போகாதீங்க சார், கடிச்சுடுவா. பால் ஊத்தி வளர்த்த என்னையே கடிப்பா. சார், கையை எடுங்க... அட. அட, நக்கறாளே! இவ யார்கிட்டயும் போகவே மாட்டாளே. என்ன சார், கண்ணை மூடிட்டீங்க? தலை சுத்துதா?

— இல்லை டாக்டர். நல்லா இருக்கு. நாக்கு சொரசொரன்னு இருக்கு. உங்க முட்டி வலி இப்பப் பரவாயில்லையா?

— என் முட்டியா?

— இடது முட்டி. குளியலறை வாசல்ல வழுக்கி விழுந்தீங்களே. ரொம்ப நேரம் எழுந்திருக்க முடியாம அங்கேயே உட்கார்ந்திருந்தீங்க. 'நான் செத்துக் கிடந்தாக்கூட ஒரு நாதி வந்து பாக்காது'ன்னு சொல்லி அழுதீங்க. அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது டாக்டர். எத்தனை ஜீவனைக் காப்பாத்தின கை உங்களோடது.

— உங்களுக்கு... இதை உங்களுக்கு யாரு சொன்னது?

— தரை ஈரமா இருந்தா செருப்பைப் போட்டுக்கிட்டு நடங்க. தங்கம், வெளிய வெயில் கொளுத்துது, நீ நடக்க வேண்டாம். நான் போய் வண்டியை வாசலுக்கே கொண்டு வந்துடறேன். எந்தத் தீனின்னு நீயும் டாக்டரும் பேசி முடிவு பண்ணுங்க. குண்டு, இருடா, இதோ வந்துடறேன்.

— ஏம்மா. அந்தக் கதவைச் சாத்துங்க. நல்லாச் சாத்துங்க. அவருக்கு யாரு சொன்னா?

— யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க டாக்டர்.

— நான் வாயைத் திறக்கவே இல்லையே! என் தம்பிகிட்டக் கூடச் சொல்லலை. சொன்னா, தனியா இருக்காதேன்னு ஆரம்பிச்சுடுவான். அன்னைக்கு வீட்டுல ஒரு ஈ காக்கா இல்லை. நானும்...

— நீங்களும் மகாராணியும்.

— என்ன சொல்றீங்க நீங்க?

— எங்க வீட்டுலயும் இப்படித்தான். சாயங்காலம் ஆனா உள்ளங்கையை நீட்டிக்கிட்டுத் தரையில உட்காருவார். குண்டு ஓடி வந்து நக்குவான். ரேடியோ கேக்கிற மாதிரி இவர் கண்ணை மூடிக்கிட்டு அசையாம இருப்பார். மறுநாள் ஏதாவது ஒண்ணு புதுசாத் தெரிஞ்சிருக்கும். அவர் இல்லாதப்ப நான் காய்ச்சல்ல கிடந்தது, அடுப்படியில தனியாப் பாடினது எல்லாம் சொல்வார். முன்ன என்னை 'ஏய்'னுதான் கூப்பிடுவார். இப்ப 'தங்கம்'ங்கறார். அது எங்க அப்பா கூப்பிடற பேரு. அப்பா கடைசியா வந்து என்னை அப்படிக் கூப்பிட்டப்ப, பக்கத்துல குண்டு மட்டும்தான் இருந்தான்.

— கையில என்ன தடவிக்கிறார்?

— ஒண்ணும் இல்லை. தூங்கறப்ப முகர்ந்து பாத்தேன். தோண்டின குழியில வர்ற மண் வாசனை.

— இருங்கம்மா, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன். இதையெல்லாம் முதல்லயே ஏன் சொல்லலை? அந்த நக்கறதை நிறுத்திப் பாத்திருக்கலாமே.

— நிறுத்திப் பாத்தேன் டாக்டர். நீங்க சொல்லிக்கொடுத்த முறைதான். ஒவ்வொண்ணா எடுத்தேன். சோப்பை மாத்தினேன். தரை துடைக்கிற மருந்தை நிறுத்தினேன். போர்வையைத் தூக்கிப் போட்டேன். என்னையே எடுத்துப் பாத்தேன், அக்கா வீட்டுல போய்க் கொஞ்ச நாள் இருந்தேன். அப்பவும் சொறிஞ்சானாம். அப்புறம் இவர் எங்க மாமியாரைப் பாக்க ஊருக்குப் போனார். குண்டு வயித்துல பட்டு மாதிரி ரோமம் முளைச்சுது. இவர் திரும்பி வந்தார், உதிர்ந்துடுச்சு.

— அவ்வளவுதானே? மனுஷத் தோல்ல இருந்து உதிர்ற தூசி சில நாய்ங்களுக்கு ஒத்துக்காது. அபூர்வம்தான், ஆனா நடக்கும். நான் கூட என்னமோன்னு பயந்துட்டேன்.

— குட்டியில இருந்து அவர் காலடியில வளர்ந்தவன் டாக்டர். அப்ப வராதது இப்ப எப்படி வரும்?

— வயசானா வரலாம்.

— நானும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனாலும் கேக்கலை. ரெண்டு சட்டையை எடுத்தேன். சுரங்கத்துக்குப் போறதுக்கு முன்னாடி அவர் போட்ட பழைய சட்டை ஒண்ணு, பெட்டிக்கு அடியில துவைக்காமயே கிடந்தது. இன்னொண்ணு இப்பப் போட்டுக் கழட்டினது. முதல்ல பழையதைக் குண்டோட படுக்கையில விரிச்சேன். தோல்ல ஒரு புள்ளி கூட வரலை.

— இப்பப் போட்டது?

— ஒரே நாள்தான். வயித்துத் தோல் உரிஞ்சு தொங்கிச்சு.

— ரெண்டும் ஒரே ஆளோட சட்டைம்மா.

— ஆமாம் டாக்டர்.

— அது எப்படி... இல்லை, பழைய சட்டையில அவன் சரியாப் படுத்திருக்க மாட்டான். அதான் எதுவும் வந்திருக்காது.

— படுக்கத்தான் இல்லை. அதைக் கண்டதுமே கட்டிலுக்கு அடியில போய் ஒண்ணுக்குப் போயிட்டான். நான்தான் இழுத்துட்டு வந்து, அது மேல போட்டுப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே படுத்தேன். நடுங்கிக்கிட்டே கிடந்தான். ஆனா தோலு சுத்தமா இருந்தது.

— ஒரு சட்டைக்கா அவ்வளவு பயம்?

— அவருக்குக் கோபம் வந்தா முதல்ல கால்தான் பேசும்.

— நாய்கிட்ட மட்டுமா?

— சோதனையைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன் டாக்டர்.

— சரி. சொல்லுங்க.

— இறாலைக் காய வெச்சு, பொடிச்சு, அவர் சாப்பாட்டுல கலந்தேன்.

— பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு! மூச்சு அடைச்சுப் போயிருந்தா?

— முதல்ல ஒரு சிட்டிகைதான் போட்டேன். ஒண்ணும் ஆகலை. அப்புறம் ஒரு கரண்டி. அப்புறம் அள்ளி அள்ளிப் போட்டேன். 'இன்னைக்கு என்ன தங்கம், இவ்வளவு ருசியா இருக்கு'ன்னு கிண்ணத்தை வழிச்சுச் சாப்பிட்டார். முகம் கொஞ்சம் கூட வீங்கலை.

— இப்பத்தானே இதே நாற்காலிகிட்ட நின்னு, இறால் ஒத்துக்காதுன்னு சொன்னார்!

— அவர் முகம் வீங்கினதைக் குண்டு பாத்திருக்கான் டாக்டர். குண்டு பாத்தது எல்லாம் இவருக்குத் தெரியும். குண்டு பாக்காதது ஒண்ணு கூடத் தெரியாது. எங்க கல்யாணத்தைப் பத்திக் கேட்டா, சிரிச்சுக்கிட்டே பேச்சை மாத்திடுவார். அப்பக் குண்டு பிறக்கலையே.

— கடவுளே.

— ஒரு நாள் என் முதுகுல இருக்கிற தழும்பைத் தடவிக்கிட்டே, 'இவ்வளவு நாள் எப்படிப் பொறுத்தே, என்னை மன்னிச்சுடு'ன்னு தேம்பித் தேம்பி அழுதார். அதையும் குண்டு பாத்திருக்கான் இல்லையா.

— அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. இப்ப வண்டி வாசலுக்கு வந்துடும். மருந்து அறை வழியா பின்பக்கம் ஒரு கதவு இருக்கு. குண்டை நான் தூக்கிக்கறேன். என் தம்பி பக்கத்துத் தெருதான், கூட்டிக்கிட்டு நேரா போலீஸுக்குப் போயிடலாம். எழுந்திருங்க.

— ஹாரன் அடிக்கிறார் டாக்டர். நம்மளைத்தான் கூப்பிடறார்.

— அடிக்கட்டும்! அவர் அம்மா கூடவா கண்டுபிடிக்கலை?

— 'என் பிள்ளை திருந்தி வந்துட்டான்'னு கட்டிக்கிட்டு அழுதாங்க. கொஞ்ச நேரம் உத்துப் பாத்தாங்க. அப்புறம் இன்னும் இறுக்கமாக் கட்டிக்கிட்டாங்க.

— உங்களுக்குப் பயமே இல்லையாம்மா? இன்னுமா புரியலை? வெளிய வண்டியில உட்கார்ந்திருக்கிறது உங்க வீட்டுக்காரரே இல்லை!

— தெரியும் டாக்டர். போன மாசம் சுரங்கத்துல இன்னொரு உடம்பு கிடைச்சிருக்குன்னு என்னை அடையாளம் காட்டக் கூப்பிட்டாங்க. முகம்னு ஒண்ணும் மிச்சமில்லை, ஆனா கால்ல பூட்ஸ் அப்படியே இருந்தது, அந்த பூட்ஸை என் முதுகுக்கே தெரியும். 'எங்க வீட்டுக்காரர்தான் வீட்டுல நல்லா இருக்காரே, இது யாரோ தெரியலை'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்பச் சொல்லுங்க, எந்தத் தீனி கொடுத்தா குண்டுக்கு இவர் ஒத்துப்பார்?