ஒச்சாயி போடச் சொன்ன பாட்டு

வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஜூன் மாதம், ஜெர்மனிக்குப் போகவேண்டிய ஒரு குழந்தைப் பனியனில் நான் மூக்குச் சிந்தினேன்.

இனி வணக்கம். எங்கள் பனியன் கம்பெனி முதலாளியும் இந்தப் பழம்பாடல் ரசிகர் மன்றத்தின் தலைவருமான, பொறுமையில் பூமியாய்ப் பொலியும் ஆத்தப்பன் ஐயா அவர்களே! (முறைக்காதீங்க ஐயா, அந்தப் பீஸைத் தனியா எடுத்து வெச்சுட்டனுங்க.) பொங்கலூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியவர்களே, சோமனூர்த் தறிச் சத்தத்துக்கு ஒருநாள் விடுமுறை விட்டு வந்திருக்கும் அன்பர்களே, அடுப்பில் குழம்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் அருமைத் தாய்மார்களே!

பாடியவர் போய்விட்டார். எழுதியவர் போய்விட்டார். இசைத்தட்டும் தேய்ந்துவிட்டது. கேட்பவர் கண்ணீர் மட்டும் தேயவில்லையே, ஏன்?

எங்கள் கம்பெனியில் அடியேன் புரொடக்‌ஷன் மேனேஜர். தையல் ஹாலில் என்ன பாட்டு ஒலிக்கவேண்டும் என்பது என் ஆட்சிக்கு உட்பட்டது. குத்துப்பாட்டுப் போட்டால் ஊசி பறக்கும். உருக்கப்பாட்டுப் போட்டால் ஊசி உறங்கும். ஆகவே அழுகைப் பாட்டுக்குத் தடை விதித்தேன். கல்நெஞ்சன் என்றார்கள். (யாரது கைதட்டுவது? எங்க ஊட்டு அம்மிணியா? உட்காருங்க.)

அந்தச் சமயத்தில் செக்கிங் பகுதி ஒச்சாயி ஒரு பென் டிரைவோடு வந்து நின்றார். அவர் கணவர் குருசாமி, அதே ஹாலில் கடைசி வரிசை டைலர். மகள் ஜோதிகாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அன்றுதான் சேரக் கடைசி நாள். குருசாமியோ, “படிச்சாலும் இங்கிட்டுத்தான வரப்போறா? இப்பவே ஆத்தா பக்கத்துல உக்காரட்டும். இந்த ஊர்ல பனியன் வேலைக்கா பஞ்சம்?” என்று அசையாமல் இருந்தார்.

“சார், இந்த ஒத்தப் பாட்டப் போடுங்க. நான் சொன்னா அந்த மனுசனுக்கு ஏறல. பாட்டாச்சும் ஏறுதான்னு பாப்போம்.”

“ஏம்மிணி, நாளைக்கு ஷிப்மென்ட். இன்னைக்குப் போய் அழுவாச்சிப் பாட்டக் கொண்டாந்து நீட்டறியே!”

“நாலு நிமிசந்தான் சார். நீங்க ஒருக்கா பாத்ரூம் போனா அதவிட நேரமாகுது.”

உண்மைக்கு முன்னால் நான் என்றும் தலைவணங்குபவன். போட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த பாட்டுதான். குடும்பம் நொடித்துப்போகிறது. அக்கா படிப்பை நிறுத்துகிறாள். தன் துணிப்பையைத் தம்பி தோளில் மாட்டுகிறாள். வார் நீளமாய்த் தொங்குகிறது. அவன் உயரத்துக்கு அதில் ஒரு முடிச்சுப் போடுகிறாள். அவ்வளவுதான் பாட்டு! அழு என்று எவரும் சொல்லவில்லை. ஒரு முடிச்சு, அது நம் தொண்டையில் விழுகிறது!

முதல் வரிசை மிஷின் நின்றது. இரண்டாம் வரிசை நின்றது. தமிழே தெரியாத பீகார்த் தம்பி கண்ணைத் துடைத்தான். கல்நெஞ்சன் நான், கைக்கு அகப்பட்ட பனியனில் முகம் புதைத்தேன். கடைசி வரிசையில் ஒரே ஒரு மிஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. குருசாமியுடையது! ஒச்சாயி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடியும் தறுவாயில் குருசாமியின் தலை நிமிர்ந்தது. ஹாலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாதித் தையலை ஊசியிலேயே விட்டுவிட்டு எழுந்தார். “சார், அரை நாள் லீவு!” ஓடினார். மாலை நான்கு மணிக்கு ஜோதிகா கல்லூரி மாணவி!

பட்டம் சாதிக்காததை, பதவி சாதிக்காததை, பெற்றவள் பேச்சு சாதிக்காததை ஒரு பாட்டு சாதித்ததா இல்லையா? அந்தப் பெருமையைச் சொல்லத்தானே என்னை இங்கே அழைத்து, தோளில் துண்டும் போட்டீர்கள்? துண்டு தந்த கைகளுக்கும், தூங்காமல் கேட்ட கண்களுக்கும் நன்றி.

உட்காருவதற்கு முன் ஒன்று. இன்று காலை இந்த விழா அழைப்பிதழைக் குருசாமியிடம் நீட்டினேன். அவர் இரண்டு காதுகளிலிருந்தும் பனியன் துணிச் சுருளை உருவினார். மிஷின் சத்தத்துக்காகப் பதினோரு வருடமாய், ஒச்சாயிக்கும் தெரியாமல், அடைத்துக்கொள்கிறாராம். அன்று போட்ட பாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன்.

“எந்தப் பாட்டு சார்?”

“அப்பறம் எதுக்குய்யா அன்னைக்கு அப்படி ஓடுன?”

“ஹாலே அழுவுது. நீங்க வேற பனியன்ல மூஞ்சியப் பொத்திக்கிட்டு நிக்கிறீக. கம்பெனிய இழுத்து மூடப் போறாகன்னு நெனச்சேன் சார். இதையா நம்பிப் பிள்ளைய விடுறதுன்னு ஓடிட்டேன்.”

வருகிறேன், வணக்கம்.