எல்னா திறந்து வைத்த கோப்பு

— இன்னொரு தடவை படிங்க தோரா. நிதானமா.

— "இந்தக் கோப்பை இப்போது எல்னா திருத்திக்கொண்டிருக்கிறார். நீங்கள் வாசிக்க மட்டுமே முடியும்." இதான் விகோ. காலையிலேர்ந்து இதையேதான் சொல்லிட்டிருக்கு.

— எந்த எல்னா?

— நம்ம ஊர்ல எத்தனை எல்னா இருக்காங்க? மத்தியானம் ஒரு மணிக்கு நான் அடக்கம் பண்ணப்போற எல்னாதான்.

— அது என்ன கோப்பு?

— அவங்களுக்கு நான் எழுதின அடக்க உரை.

— பொறுங்க, பொறுங்க. தன்னோட அடக்க உரையைத் தானே திருத்திட்டு இருக்காங்களா? பள்ளிக்கூடத்து டீச்சரா இருந்தவங்க இல்லையா. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

— சிரிக்காதீங்க.

— சவப்பெட்டி எங்க இருக்கு?

— கோயில்லதான். எதுக்குக் கேக்கறீங்க?

— மூடியிருக்கான்னு கேட்டேன்.

— விகோ, நீங்க ஆர்கன் வாசிக்கறவர். யாரும் கேக்காம நீங்களாத்தான் வந்து, ஒரு பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸைப் போட்டு, ஆர்கன் படிக்கட்டுக்குக் கீழ வெச்சு, இனிமே எல்லாரும் ஃபைலை இதுல போடுங்க, யார் எங்கேர்ந்து வேணும்னாலும் திறக்கலாம்னு சொன்னீங்க. இப்ப செத்தவங்களும் திறக்கறாங்க. சரி பண்ணிக் குடுங்க.

— பண்றேன், பண்றேன். முதல்ல காபி ஊத்துங்க. ரொட்டி வாங்கிட்டு வந்திருக்கேன், கசகசா போட்டது. அப்படி என்ன தலைபோற அவசரம்? அதை ஒரு நகல் எடுத்து வேற பேர்ல வெச்சுக்கிட்டா வேலை முடிஞ்சுது.

— நகல் எடுத்தாச்சு. அது இல்ல விஷயம். எல்னாவோட மக பிர்கிட் காலையில ஓர்ஹூஸ் டவுன்லேர்ந்து ஃபோன் பண்ணினா. உரையில ஒரு பேரனோட பேர் விட்டுப்போச்சு. அதைச் சேர்க்கத்தான் திறந்தேன். பார்த்தா யாரோ எனக்கு முன்னாடியே உள்ள உக்காந்திருக்காங்க. எதைத் திருத்தறாங்க, எதுக்குத் திருத்தறாங்க? அதுக்குக் கீழ, சபையில படிக்காத குறிப்பா, பிர்கிட் என்னை நம்பிச் சொன்னது எவ்வளவோ இருக்கு. அதை ஊர்ல யாரோ படிச்சிட்டிருந்தா நான் அவ முகத்துல எப்படி முழிக்கிறது? நான் ஏதாவது தப்பா எழுதி, அதைத்தான் திருத்தறாங்களான்னு வேற தெரியல.

— அப்ப பேய் மேல பயம் இல்ல உங்களுக்கு.

— பேயா இருந்தா நிம்மதியா இருப்பேன். பேய் ஊர்ல போய்ச் சொல்லாது.

— சரி, பார்ப்போம். நம்மகிட்ட இருக்கறது மூணு மெஷின். உங்களோட மேக், என்னோட லினக்ஸ், குழி வெட்டற டாகே கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில வெச்சிருக்கற விண்டோஸ். மூணும் மூணு மதம். ஒண்ணு ஒண்ணை மதிக்காது. உங்க மேக் போற இடத்துல எல்லாம் பேருக்கு முன்னாடி புள்ளி வெச்ச குட்டிக் குட்டி ஃபைலாப் போட்டுட்டுப் போகும், அது விண்டோஸ்ல குப்பையாத் தெரியும். போன மாசம் டாகே என்கிட்ட வந்து, பாதிரியம்மா ஏன் அவங்க குப்பையை என் கல்லறைப் பதிவுல கொட்டறாங்கன்னு கேட்டார்.

— டாகே அவ்வளவு நீளமாப் பேசினாரா?

— "இது என்ன?"ன்னு கேட்டார். மீதியை நான் புரிஞ்சுக்கிட்டேன்.

— சரி, அப்புறம்? இந்தப் பூட்டு எப்படி வந்தது?

— பூட்டு நல்லதுக்குத்தான். ரெண்டு பேர் ஒரே ஃபைல்ல ஒரே நேரத்துல எழுதினா ஒருத்தர் எழுதினது அழிஞ்சு போயிடும். அதனால முதல்ல வந்தவர்கிட்ட சர்வர், அதான் படிக்கட்டுக்குக் கீழ இருக்கற அந்தப் பழைய கம்ப்யூட்டர், சாவியைக் குடுத்திடும். அடுத்தவர் எட்டிப் பார்க்கலாம், கை வைக்க முடியாது. சில சமயம் திறந்தவர் அப்படியே லேப்டாப்பைச் சாத்திட்டுப் போயிடுவார். மெஷின் தூங்கிடும். சர்வர் பாவம், அவர் வருவார்னு சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கும். அந்த மாதிரிச் செத்த பூட்டா இருந்தா உடைச்சிடலாம். கொஞ்சம் இருங்க, சர்வர்கிட்டயே கேட்டுப் பார்க்கறேன்.

— அதுகிட்ட கேட்டா சொல்லுமா?

— அது லினக்ஸ். கேட்டா சொல்லும், கேக்காட்டி வாயே திறக்காது. இந்தப் பக்கத்து ஆளுங்க மாதிரிதான். ம்... இதோ. அடடே.

— என்ன அடடே?

— செத்த பூட்டு இல்ல. உயிரோட இருக்கு. இன்னிக்குக் காலையில திறந்தது. மெஷின் பேரு கொட்டகை.

— டாகேவா?

— டாகேவோட மெஷின். படிக்கத் திறக்கல தோரா. எழுதத் திறந்திருக்கு.

— டாகே என்னோட உரையில எழுதறாரா? நான் இங்க வந்த நாள்லேர்ந்து அவர் கோயிலுக்குள்ள உக்காந்து ஒரு பிரசங்கம் கேட்டதில்ல. மணியடிப்பார், கதவைச் சாத்திட்டு வேலிச்செடி வெட்டப் போயிடுவார்.

— ஆனா எழுத்து மட்டும் என்னவோ ரொம்பச் சுத்தம். அவரோட கல்லறைப் பதிவைப் பாருங்க. ஒரு பிழை இருக்காது. கமா கூட அது அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கும். வாயைத் திறந்தா நாலு வார்த்தை, எழுதினா டீச்சர் தோத்துப்போகணும். ஒருநாள் நானே சொன்னேன், என்னய்யா இவ்வளவு அழகா எழுதறியேன்னு. "மோசமில்ல"ன்னு சொல்லிட்டு நடந்துட்டார்.

— இருங்க. அவர் கல்லறைப் பதிவைத்தானே திறக்கணும். என்னோட ஃபோல்டருக்குள்ள எப்படி வந்தார்?

— அது வந்து... இன்னும் ஒரு ரொட்டி எடுத்துக்கங்களேன்.

— விகோ.

— கேளுங்க. ஆரம்பத்துல உங்க மேக்குக்கு ஒரு பேர், அவர் விண்டோஸுக்கு ஒரு பேர். யார் யாருன்னு சர்வருக்குத் தெரியல. உங்களுக்குத் திறந்தா அவருக்குச் சாத்திக்கிச்சு, அவருக்குத் திறந்தா உங்களுக்கு. மூணு நாள் முட்டி மோதிப் பார்த்துட்டு, ஈஸ்டர் வேற வந்துடுச்சு, எல்லா ஃபோல்டரையும் எல்லாருக்கும் திறந்து விட்டுட்டேன். அப்புறமா சரி பண்ணிக்கலாம்னு நெனச்சேன்.

— எந்த ஈஸ்டர்?

— போன ஈஸ்டர்னு வெச்சுக்குவோம்.

— அப்ப நான் எழுதின கல்யாணம், ஞானஸ்நானம், சாவு எல்லாத்தையும் தோட்டக் கொட்டகையில உக்காந்து படிக்கலாம்.

— படிக்கலாம். நான் படிக்கல. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

— பேச்சை மாத்தாதீங்க. டாகே மெஷின்னா, அது ஏன் எல்னா பேரைச் சொல்லணும்?

— அதான் எனக்கும் புரியல. அந்தப் பேர் சர்வர் சொல்ற பேர் இல்ல, எழுதற புரோகிராம் சொல்ற பேர். முதல் தடவை அதைப் போடும்போது "உங்கள் பெயர் என்ன?"ன்னு ஒரு கேள்வி கேக்கும். அன்னிக்கு என்ன அடிச்சோமோ அதையே காலத்துக்கும் சொல்லிட்டிருக்கும். மெஷின் கை மாறினாலும் மாத்த மாட்டோம். யாருக்கும் ஞாபகம் வராது.

— அப்ப அந்தக் கம்ப்யூட்டரை முதல் முதல்ல திறந்தது எல்னா.

— அப்படித்தான் தெரியுது.

— கொட்டகைக்கு அந்தக் கம்ப்யூட்டர் எப்ப வந்தது? கோயில் சபை வாங்கிக் குடுத்ததா?

— சபை எங்க வாங்கிச்சு? பழசு குளிர்ல உறைஞ்சு செத்துப்போச்சு. புதுசு கேட்டா அடுத்த கூட்டத்துல பேசலாம்னாங்க. அதுக்கு அடுத்த கூட்டத்துல கூரையைப் பத்திப் பேசினாங்க. கடைசியில டாகேவே ஒரு லேப்டாப்பைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வந்து, கல்லறைப் பதிவை இதுல போட்டுக் குடுன்னார். எங்கேர்ந்துய்யான்னு கேட்டேன். வீட்லேர்ந்துன்னார்.

— டாகே வீட்ல டி.வி.யே கிடையாதே. கிறிஸ்துமஸுக்குக் கேக் குடுக்கப் போனப்ப பார்த்தேன். ஒரு நாற்காலி, ஒரு மேஜை. ஆள் இருக்கற வீடு மாதிரியே இல்ல.

— எல்னா பழசைச் சும்மா குடுத்திருப்பாங்க. அவங்க வீட்டுப் பின்பக்கம் கல்லறைத் தோட்டத்துச் சுவரோட ஒட்டித்தானே இருக்கு. இப்ப என்ன, நான் பூட்டை உடைச்சிடவா? ஒரு வரி அடிச்சாப் போதும். ஃபைல் உங்க கைக்கு வந்துடும்.

— உடைச்சா அவர் எழுதினது?

— சேமிக்காம வெச்சிருந்தா போயிடும்.

— வேண்டாம்.

— இப்பத்தானே யாரும் படிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க.

— ஆமா, சொன்னேன். இப்ப அவர் என்ன எழுதறார்னு தெரிஞ்சாகணும். அந்த ஜன்னலைத் திறங்க. குழிகிட்டதானே இருக்கார்?

— ரெண்டு நாளா அங்கதான் இருக்கார். வழக்கமா குழி வாயைச் சுத்தி அலங்காரத்துக்கு ஊசியிலைக் கிளையைச் செருகிட்டு வந்துடுவார். இந்தத் தடவை அடியிலேர்ந்து மேல வரைக்கும் வெச்சுப் பின்னியிருக்கார், ஒரு துளி மண் வெளிய தெரியல. நேத்து நான் கேலி பண்ணினேன், ராஜா வீட்டுச் சாவான்னு.

— என்ன சொன்னார்?

— இன்னொரு கிளையை எடுத்துச் செருகினார். டாகே. ஏய் டாகே. பாதிரியம்மா கூப்பிடறாங்க, உள்ள வாய்யா.

— பூட்ஸ்ல மண்ணு.

— பரவால்ல டாகே, அப்படியே வாங்க. காற்று உள்ள வருது, கதவைச் சாத்திடுங்க. காபி?

— குடிக்கலாம்.

— உக்காருங்க. கொடியை அரைக்கம்பத்துல ஏத்திட்டீங்களா?

— காலையிலேயே.

— குழி தயாரா?

— மோசமில்ல.

— டாகே, நான் நேராவே கேக்கறேன். எல்னாவோட அடக்க உரையை உங்க கம்ப்யூட்டர்ல திறந்து வெச்சிருக்கீங்களா?

— வெச்சிருக்கேன்.

— பாருங்க, ஒளிக்கக்கூட மாட்டேங்கறான். டேய், அது பாதிரியம்மாவோட ஃபைல். நீ அதை மூடாததால இவங்களால ஒரு எழுத்து சேர்க்க முடியல. ஊரே வரப்போகுது.

— அது எனக்குத் தெரியாது விகோ. நான் திறந்தா அவங்களுக்குச் சாத்திக்கும்னு யாரும் சொல்லல.

— விகோ, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. டாகே, எனக்குக் கோபம் இல்ல. என்னோட பிரசங்கம் எல்லாம் அங்க படிப்பீங்களா?

— நான் படிக்கறதில்ல. எழுத்து எனக்குக் கண்ணுல நிக்காம ஓடும், சின்ன வயசுலேர்ந்து. சனிக்கிழமை சாயங்காலம் படிச்சுக் காட்டுவா. காட்டுவாங்க.

— யாரு?

— எல்னா.

— எல்னாவா? கொட்டகையிலயா?

— குளிர் இல்லாதப்ப கொட்டகையில. குளிர்னா அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள போயிடுவோம். நீங்க எழுதறது நல்லா இருக்கும்னு சொல்லுவாங்க. கொஞ்சம் நீளம்னும் சொல்லுவாங்க.

— அப்ப கல்லறைப் பதிவு? அந்தக் கமா எல்லாம்?

— நான் சொல்லுவேன். அவங்க அடிப்பாங்க. எனக்கு வராது விகோ, உனக்குத் தெரியுமே.

— எனக்கு எங்கய்யா தெரியும்? இத்தனை வருஷமா உன்னைப் பாராட்டிட்டிருக்கேன்.

— நான் வாங்கிக்கல. மோசமில்லன்னுதான் சொன்னேன்.

— டாகே, அந்தக் கம்ப்யூட்டரை வீட்லேர்ந்து கொண்டு வந்ததாச் சொன்னீங்களாம்.

— ஆமா.

— நான் உங்க வீட்டுக்கு வந்திருக்கேன். அங்க ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது.

— அங்க தூங்கறதுக்குக்கூடப் போறதில்ல பாதிரியம்மா. தபால் வருதான்னு பார்க்கப் போவேன்.

— இது பிர்கிட்டுக்குத் தெரியுமா?

— பிர்கிட் வர்றதுன்னா ரெண்டு நாள் முன்னாடி ஃபோன் பண்ணுவா. நான் என் ஸ்வெட்டரை எடுத்துக்கிட்டு என்னோட வீட்டுக்குப் போயிடுவேன். அவ அப்பாவோட நாற்காலியில இன்னொருத்தன் உக்காந்திருக்கறதைப் பார்த்தா அவளுக்குக் கஷ்டமா இருக்கும்னு எல்னா நெனச்சாங்க. அப்புறம் சொல்லிக்கலாம், அப்புறம் சொல்லிக்கலாம்னு போச்சு. ஊர்லயும் யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்போம்.

— ஏன்டா, நாள் தவறாம உன்கூடக் காபி குடிக்கறேன். நான் கேக்கணுமா?

— நீ கேட்டா பதில் சொல்றதுக்கு இடைவெளி விட மாட்டே விகோ.

— சரி. இன்னிக்கு அந்த உரையை யார் உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்க டாகே?

— யாரும் இல்ல. நானேதான். விரலை வெச்சு ஒவ்வொரு எழுத்தா. விடிஞ்சதுலேர்ந்து உக்காந்திருந்தேன். ஒரு மணிக்கு நான் கயிறைப் பிடிச்சுக்கிட்டு மணிக்கூண்டுல நிப்பேன், அங்க ஒண்ணும் கேக்காது. முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்னு பார்த்தேன். நல்லா எழுதியிருக்கீங்க. பள்ளிக்கூடத்தைப் பத்தி எழுதினது எல்லாம் அப்படியே அவங்கதான்.

— ஆனா ஏதோ எழுதியிருக்கீங்க. எழுதறதுக்குத் திறந்திருக்குன்னு சர்வர் சொல்லுது. எதைச் சேர்த்தீங்க?

— சேர்க்கல. என்னோட பேர் எதுக்கு அங்க? பிர்கிட் முன்வரிசையில உக்காந்திருப்பா. சேர்க்கல.

— பின்ன?

— ஒண்ணை எடுத்தேன். எடுத்துட்டு, இது உங்க எழுத்தாச்சே, சேமிக்கலாமா கூடாதான்னு தெரியல. கேக்கவும் வாய் வரல. அப்படியே திறந்தபடி விட்டுட்டுக் குழியைப் பார்க்கப் போயிட்டேன். வேணாம்னா திரும்பப் போட்டுக்கங்க பாதிரியம்மா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

— எதை எடுத்தீங்க டாகே?

— "கணவர் மறைந்த பிறகு எல்னா கடைசிவரை தனியாகவே வாழ்ந்தார்"னு ஒரு வரி இருந்தது. அது ஒண்ணுதான்.